ஒரே சிடியில் மனிதன்

குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகும் சாலையில் ஏலப்பாறை. பெயரில் ஏலம், சரிவெல்லாம் தேயிலை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுத்த இடுக்கி மலை. அந்தத் தேயிலைச் செடியின் மரபணுத் தொகுதியை 2017-இல் சீன விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். நீளம் சுமார் 300 கோடி எழுத்துகள். ஏறக்குறைய மனிதனுடைய அளவுதான். இதைக் கண்ணால் படிக்க முடியாது. கம்ப்யூட்டர் வேண்டும், புரோகிராம் எழுத ஆளும் வேண்டும். இந்த வேலைக்குப் பெயர் பயோ-இன்ஃபர்மேடிக்ஸ்.

தோட்டத்து வீடுகளிலிருந்து படித்து வெளியேறி, சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் பிள்ளைகள் இந்த ஆராய்ச்சிக்கு மாறலாமா? ஜிம் கென்ட்டின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

அமெரிக்கரான கென்ட், அனிமேஷன் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைத்தவர். விண்டோஸ் 95-க்குப் புரோகிராம் எழுதுவதற்கான கருவிகள் 12 சிடிகளில் வந்து இறங்கின. மனித மரபணுத் தொகுதி முழுவதும் ஒரே சிடியில் அடங்கிவிடும். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுவதும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. தொழிலை விட்டார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார்.

சோதனை 2000-இல் வந்தது. அரசு நிதியில் நடந்த ஜீனோம் திட்டத்திடம் மரபணு வரிசைகள் துண்டு துண்டாகக் குவிந்து கிடந்தன. செலெரா என்ற தனியார் நிறுவனம் போட்டியில் இருந்தது. அது முந்திக்கொண்டால் காப்புரிமை போட்டுப் பூட்டிவிடும் என்று கென்ட் அஞ்சினார். நான்கே வாரத்தில் சுமார் 10,000 வரி புரோகிராம் எழுதினார். வலித்த மணிக்கட்டுகளுக்கு ஐஸ் ஒத்தடம். 100 பென்டியம் கம்ப்யூட்டர்கள் துண்டுகளை ஒட்டின. ஜூன் 22-இல் வேலை முடிந்தது, செலெராவுக்கு மூன்று நாள் முன்பாக. ஜூலை 7-இல் அது இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது. கென்ட்டுக்கு முனைவர் பட்டம் வந்தது 2002-இல்தான்.

கை வேகம் மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் பகுதிகள் எங்கே ஏமாற்றும் என்று உயிரியல் சொல்லிக் கொடுத்திருந்தது. சாஃப்ட்வேர் வேலையில் பெரும்பாலும் கேள்வியை வாடிக்கையாளர் கொண்டு வருவார். ஆராய்ச்சியில் கேள்வியையும் தானே தேட வேண்டும். சம்பளம் உதவித்தொகையாகச் சுருங்கும்; வீட்டுக் கடனும் தங்கை கல்யாணமும் காத்திருக்காது. கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

படிக்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 1980-களிலேயே இதற்கான மையம் தொடங்கிவிட்டது.

மழைக்காலத்தில் கொப்புள நோய் வரும்போது ஒரு செடி தாங்குகிறது, பக்கத்துச் செடி வாடுகிறது. அந்த 300 கோடி எழுத்துகளில் வித்தியாசம் எங்கே? இந்தக் கேள்வியைக் கேட்கக் கொழுந்து எடுத்த வீட்டுப் பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யார்?