முன்கச்சேரிக்குக் கூலி எங்கே?

கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் சென்னையிலிருந்தும் பாட்டு நட்சத்திரங்கள் நம் நாடுகளுக்கு வந்த வண்ணம் இருக்கின்றனர். 2023ஆம் ஆண்டில் பிளாக்பிங்க் என்னும் கொரியப் பெண்கள் குழுவினர் மார்ச்சு மாதம் புக்கிட் ஜாலில் அரங்கிலும், மே மாதம் சிங்கப்பூர்த் தேசிய விளையாட்டரங்கிலும் பாடி மாபெருங் கூட்டத்தை ஈர்த்தனர். வரட்டும், பாடட்டும். கலைக்கு நாட்டெல்லை இல்லை. யாம் கேட்பது வேறொன்று. இத்தகைய கச்சேரிகளில், நட்சத்திரம் தோன்றுமுன் கூட்டத்தை அமர்த்திவைக்க மேடையேற்றப்படும் உள்ளூர்ப் பாடகனுக்குக் கிடைப்பது என்ன?

அவன் நிலையைச் சிறிது ஆராய்வோம். ஒலிபெருக்கிச் சோதனை முதலில் நட்சத்திரத்துக்கு. மிஞ்சிய சில நிமிடங்களே இவனுக்கு. பாட இருபது அல்லது முப்பது நிமிடம். ஒலியும் விளக்கும் முழு அளவில் இவனுக்குத் திறக்கப்படுவது அரிது. ஜனங்களோ இன்னும் வாயிலில் நின்று சீட்டைக் காட்டிக்கொண்டிருப்பர். விளம்பரத் தாளில் இவன் பெயர் கடுகினும் சிறிதாக இருக்கும். அன்றி இராமலே போகும். உடை, ஒத்திகை, வாத்தியக்காரர், வண்டிச் செலவு யாவும் பெரும்பாலும் இவன் கைப்பொருளே. மேல்நாட்டுச் சுற்றுப்பயணங்களில் முன்னே பாடும் இடத்தைப் பாடகனே பணங்கொடுத்து வாங்கும் வழக்கமும் உண்டு. உழைப்பவன் முதலாளிக்குக் கூலி கொடுக்கும் விந்தையை வேறெந்தத் தொழிலில் கண்டீர்?

"கூலி எதற்கு? பல்லாயிரம் பேர் உன்னைப் பார்க்கிறார்களே, அதுவே பெரும் பேறு" என்கின்றனர் கச்சேரி வியாபாரிகள். நன்று! ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவனிடம், "இன்று சம்பளம் இல்லை, உன் கைத்திறனைப் பலர் பார்ப்பர்" என்று கிராணியார் சொன்னால் அவன் ஒப்புவானா? அரங்கத்துக்கு வாடகை உண்டு. மின்சாரத்துக்குக் கட்டணம் உண்டு. காவலாளிக்குச் சம்பளம் உண்டு. பாடுகிறவனுக்கு மட்டும் புகழ்ச்சியே உணவோ?

"பெரியோரும் இவ்வழியே உயர்ந்தனர்" என்பது அவர்களுடைய அடுத்த வாதம். உண்மை; ஆயினும் முழு உண்மையன்று. 2014ஆம் ஆண்டில் லேடி காகாவுக்கு முன் பாடிய ஜப்பானியக் குழுவாகிய பேபிமெட்டல், 2016ஆம் ஆண்டில் இலண்டன் வெம்பிளி அரீனாவில் தன் பெயரிலேயே கச்சேரி நடத்திற்று. 2009ஆம் ஆண்டில் ஜோனாஸ் பிரதர்ஸுக்கு முன் அமெரிக்க மேடைகளில் பாடிய கொரியாவின் வொண்டர் கேர்ள்ஸோ, ஒரு பாட்டை அந்நாட்டு நூறு பாட்டு வரிசையில் 76ஆம் இடத்துக்கு ஏற்றினர். எனினும் ஆங்கு நிலைத்த இடம் பெற்றாரில்லை. வாயில் திறப்பது வேறு. வீடு கிடைப்பது வேறு. இவ்விரு குழுவினருக்கும் பின்னே வலிய கம்பெனிகள் இருந்தன. நம் கிள்ளான் பையனுக்கும் ஈப்போப் பெண்ணுக்கும் பின்னே நிற்பவர் யாவர்? 2014ஆம் ஆண்டு அதே லேடி காகாவின் பயணத்தில், ஹட்சுனே மிக்கு என்னும் கணினிச் சித்திரமும் முன்னே பாட நிறுத்தப்பட்டது. சித்திரத்துக்குப் பசி இல்லை. நம் பாடகனுக்கு உண்டு.

"கூட்டம் அவனுக்காக வரவில்லையே" என்பர் இன்னுஞ் சிலர். அப்படியானால் அவனை ஏன் அழைத்தீர்? காத்திருக்கும் ஜனங்கள் பொறுமையிழக்காதிருக்கவும், உள்ளூர்க் கலையை ஆதரித்தோம் என்று பறைசாற்றவுந்தானே? பயன் உண்டெனில் விலையும் உண்டு. தெருக்கூத்தில் முதலில் வரும் கட்டியங்காரன் கூத்துக் குழுவில் ஒருவன். எவரும் அவனை வெளியாள் என்று ஒதுக்குவதில்லை.

வியாபாரிகளை மட்டும் நோவதில் பயனில்லை. நம் சங்கங்களும் ஆலய விழாக் கமிட்டிகளும் செய்வதென்ன? சென்னையிலிருந்து வரும் பின்னணிப் பாடகருக்கு விமானச் சீட்டும் ஹோட்டலும் முன்பணமும். நம்மூர்ப் பிள்ளைக்கு ஒரு சால்வையும் ஒரு தட்டுப் பிரியாணியும்! நம் கலைஞரை நாமே மதியாவிடில் அயலார் எங்ஙனம் மதிப்பர்?

ஆகவே யாம் வேண்டுவன இவை: கூலி எழுத்தில் இருக்கட்டும். பெயர் விளம்பரத்தில் தெளிவாக விளங்கட்டும். ஒலிச் சோதனைக்கு நேரம் உறுதியாகட்டும். அனுமதி வழங்கும் அதிகாரிகள் "உள்ளூர்க் கலைஞருக்கு இடம்" என்று எழுதினால் மட்டும் போதாது. "ஊதியத்துடன்" என்ற சொல்லையும் சேர்க்கட்டும்.

இளங்கலைஞர்களே! ஒருவர் மறுத்த இலவச மேடையில் மற்றொருவர் ஓடி ஏறும் வரை இவ்வழக்கம் ஒழியாது. கூடிப் பேசுங்கள், ஒரே குரலில் விலை சொல்லுங்கள். சீட்டு வாங்கும் அன்பர்களே! அரைமணி முன்னதாகச் சென்று அமருங்கள். முதலில் பாடுகிறவனும் பாடகனே. அவனுக்குரிய கைதட்டலை ஜனங்கள் கொடுக்கட்டும். அவனுக்குரிய கூலியை முதலாளி கொடுக்கட்டும்.