ஒரு டொலரும் ஓர் அணிகலனும்

அணிகலன் என்னுஞ் சொல்லை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் தோடு, வளை, மேகலை என்றே இதுகாறுஞ் சொல்லிவந்தேன். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் பழைய மாணவரொருவரின் மகன் இடையிலே சிறு பெட்டியொன்றை அணிந்திருக்கக் கண்டபின், உயிர்காக்கும் அணிகலனும் உண்டென அறிந்தேன். அது இன்சுலின் பம்பி. அவனுக்குள்ள அதே சலரோகம் என் வகுப்பு மாணவனொருவனுக்கும் உண்டு. அவனோ நாடோறும் நான்குமுறை ஊசி ஏற்றிக்கொள்கின்றான்.

முதலாம் வகைச் சலரோகத்திற் சதையி இன்சுலினைச் சுரப்பதில்லை. பம்பியானது தன்னகத்துள்ள மருந்துக்குழலின் தண்டைச் சிறு மோட்டரால் மெல்லத் தள்ளி, தோலின்கீழ்ச் செருகிய நுண்குழாய் வழியே இரவும் பகலும் மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்துகின்றது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஆர்னல்ட் கடிஷ் அமைத்த பம்பி முதுகிற் சுமக்கும் மூட்டையளவினது. இன்று அது உள்ளங்கையில் அடங்கும். உருவஞ் சுருங்கிற்று, விலையோ ஆயிரக்கணக்கான டொலராய் நிற்கின்றது.

மோட்டரும் திருகுதண்டும் மின்கலமும் எங்குங் கிடைப்பனவே. ஆதலின் மலிவான பம்பி செய்தல் எளிதென்பார் உளர். அவர் கூற்றிற் பாதியே உண்மை. மருந்து மிகின் சீனி தாழ்ந்து நினைவு தப்பும். குழாய் அடைபடின் சில மணி நேரத்திற் குருதியில் அமிலம் ஏறத்தொடங்கும். எனவே அடைப்பை உணர்த்தும் ஒலியையும், மிகையைத் தடுக்குங் காவலையும் நீக்கி விலை குறைத்தல் கொடுமையாம்.

சிக்கனத்துக்கு வேறிடம் உண்டு. நுண்குழாயை இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை மாற்றல் வேண்டும். பம்பியை ஒருமுறை வாங்கியவர் குழாயை ஆண்டுதோறும் வாங்கியே தீரவேண்டும். சில பம்பிகளுக்கோ அவ்வந் நிறுவனத்தின் குழாயே பொருந்தும். சாதாரண ஊசிக்குழலுக்கு உலகெங்கும் பொதுவான பொருத்துவாய் இருப்பதுபோல, எல்லாப் பம்பிக்கும் ஒன்று இருத்தல் வேண்டும். மலிவான பம்பியை அமைக்க முயலும் இளைஞர் முதற்கண் இதனையே கருதுக.

ஆய்வுக்குச் செலவிட்டோர் ஊதியம் பெறுதல் முறையே. அதனை நான் மறுக்கேன். ஆயினும் 1921இல் ரொறன்ரோ நகரில் இன்சுலினைக் கண்ட பன்ரிங்கும் பெஸ்ற்றும், அதனைத் தூய்மைசெய்த கொலிப்பும், 1923இல் தம் காப்புரிமையை ஆளுக்கொரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். மருந்தைத் தந்தோரின் நெஞ்சு, அதனைச் செலுத்துங் கருவி செய்வோரிடமும் சிறிது இருத்தல் வேண்டுமென்பது என் துணிபு.

பொன்னணி செல்வர்க்கே உரித்தாயின் எவர்க்கும் கேடில்லை. உயிர்காக்கும் அணி அங்ஙனமாதல் தகாது.