துப்பாக்கிக் கணக்கு

இரண்டாம் உலகப்போரைப் பற்றி எழுதுகிறவர்கள் பல ஆண்டுகளாக அலுக்காமல் சொல்லிவரும் வாசகம் ஒன்று உண்டு: காட்டுக்குள் இருந்த கொரில்லாக்கள் சும்மா இருந்திருந்தால் ஊர்கள் எரிந்திருக்காது. சொல்பவர்கள் நடுநிலையாளர்களாம். அவர்கள் கையிலிருக்கும் துருப்புச்சீட்டு பெலாரஸின் கத்தின் கிராமம். 1943 மார்ச் 22 அன்று கொரில்லாக்கள் ஜெர்மன் வாகன அணியொன்றைத் தாக்கினார்கள். 1936 ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் தங்கம் வென்ற ஹான்ஸ் வோல்கே அதில் செத்தார். அன்றே ஜெர்மன் தரப்புப் படையினர் கத்தின் மக்களைக் களஞ்சியத்தில் அடைத்துக் கொளுத்தினார்கள். தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். செத்தவர்கள் 149 பேர், அதில் 75 பேர் குழந்தைகள். முதலில் காரணம், பிறகு விளைவு, வழக்கு முடிந்தது என்கிறார்கள்.

தேதிகளைப் பார்த்தால் வழக்கு முடியவில்லை என்பது தெரியும். பொதுமக்களுக்கு எதிராக ஜெர்மன் வீரன் செய்யும் குற்றத்துக்கு வழக்குத் தொடரும் கட்டாயமில்லை என்றும், ஊர்களைக் கூட்டாகத் தண்டிக்கலாம் என்றும் சொன்ன ஆணை 1941 மே 13 அன்று வெளியானது. ஜெர்மன் படையெடுப்பு தொடங்கியதோ ஜூன் 22. அதாவது, பெலாரஸ் காட்டில் ஒரு கொரில்லாகூட இல்லாதபோதே ஊரை எரிப்பவனுக்கு மன்னிப்பு எழுதி வைத்தாகிவிட்டது. எந்தக் கோபத்தில் எழுதினார்கள் என்பதை நடுநிலையாளர்கள்தான் விளக்க வேண்டும்.

இதைவிட உறுதியான சாட்சி எதிர்த்தரப்பிலிருந்தே வருகிறது. 1943 மே, ஜூன் மாதங்களில் ‘கோட்புஸ்’ என்ற பெயரில் ஒரு கொரில்லா ஒழிப்பு நடவடிக்கை நடந்தது. பெலாரஸை ஆண்ட நாஜி அதிகாரி வில்ஹெல்ம் கூபே அதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினார். யூதர்களை அடைத்துவைத்த மின்ஸ்க் கெட்டோவின் அழிவில் பங்குள்ள மனிதர். இரக்கத்தில் எழுதியிருப்பார் என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். கொல்லப்பட்ட எதிரிகள் 4,500, கொள்ளைக்காரர் எனச் சந்தேகித்துக் கொல்லப்பட்டவர்கள் 5,000, செத்த ஜெர்மானியர் 59, கைப்பற்றிய துப்பாக்கிகள் 492 என்று அவரிடம் கணக்கு வந்திருந்தது. 4,500 எதிரிகளிடம் 492 துப்பாக்கிகள்தான் என்றால் செத்தவர்களில் ஏராளமானோர் உள்ளூர் விவசாயிகளாகத்தான் இருக்க வேண்டும் என்று கூபேயே எழுதினார். சந்தேகத்தில் செத்த 5,000 பேரையும் சேர்த்தால் ஏறக்குறைய 19 பேருக்கு ஒரு துப்பாக்கி. மற்ற பதினெட்டுப் பேர் எதை வைத்துக்கொண்டு ஜெர்மன் படையை ஆத்திரமூட்டினார்கள்? மண்வெட்டியையா? கொரில்லா என்பது அந்த அறிக்கைகளில் ஆளைக் கொன்ற பிறகு ஒட்டும் சீட்டு. அந்தச் சீட்டை இன்றும் வாசித்துக் காட்டி, பார்த்தீர்களா, கொரில்லாக்கள் இருந்திருக்கிறார்கள் என்கிறார்கள்.

கொரில்லாக்கள் விவசாயியின் பசுவையும் பன்றியையும் துப்பாக்கி முனையில் பிடுங்கினார்களே என்பார்கள். பிடுங்கினார்கள், அதற்காகக் களஞ்சியத்துக்குத் தீ வைத்தவன் கை சுத்தமாகிவிடாது. அடங்கியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பதுதான் கடைசி வாதம். பெலாரஸின் நோவோகுருடோக் வட்டார யூதர்கள் சொன்னபடி கெட்டோவுக்குள் போனார்கள், சொன்ன வேலையைச் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழிகளின் ஓரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வட்டாரத்தில் ஆயுதம் ஏந்திக் காட்டுக்குள் போன பீல்ஸ்கி சகோதரர்கள், சண்டை போட முடியாத கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும்கூடத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். 1944 கோடையில் நலிபோகி காட்டிலிருந்து அவர்களோடு ஏறக்குறைய 1,200 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள்.