விழுங்கலும் பேச்சும் காத்திருக்கலாகாது

"முதலில் நோய் குணமாகட்டும், பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." அரிய வளர்சிதை மாற்றக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. அன்பினால் பிறந்த எண்ணமே. ஆயினும் அது பிழையானது என்பதே எங்கள் கருத்து.

மூச்சும் உணவும் தொண்டை என்னும் ஒரே வழியில் செல்கின்றன. விழுங்கும் நொடியில் மூச்சுக்குழல் மூடிக்கொள்ள வேண்டும். போம்ப்பே நோயில் நாக்கும் தொண்டைத் தசைகளும் வலுவிழக்கின்றன. மியூக்கோபாலிசாக்கரைடோசிஸ் நோயில் நாக்கு பருத்து, மூச்சுப்பாதை குறுகுகிறது. அப்போது பால் நுரையீரலுக்குள் செல்லக்கூடும். சில குழந்தைகளுக்கு இருமல்கூட எழாது. மீண்டும் மீண்டும் வரும் நெஞ்சுச் சளிக்கும் காய்ச்சலுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இக்குழந்தைகளுக்குப் பட்டினியும் பகை. கிளைக்கோஜன் சேமிப்பு நோயில் ஒரு வேளை உணவு தவறினாலே சிலருக்கு இரத்தச் சர்க்கரை அபாய அளவுக்குக் குறையும். யூரியா சுழற்சிக் குறைபாட்டில் பட்டினியால் உடற்புரதம் சிதைந்து அம்மோனியா பெருகும். ஆகவே விழுங்கற்பயிற்சி, மருந்துக்குப் பின்வரும் உபசாரமன்று. சிகிச்சையின் ஓர் உறுப்பு.

பேச்சுக்கும் இது பொருந்தும். கேலக்டோசீமியா உள்ள குழந்தைக்குப் பிறந்த சில நாள்களிலேயே பாலை நிறுத்தி உயிரைக் காத்தாலும், பலருக்குப் பேச்சு தாமதமாகிறது. உணவுக் கட்டுப்பாடு மட்டும் பேச்சைக் காத்துவிடாது.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது. அதன்படி சிறப்பு மையங்களின் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனை அத்தகைய மையங்களுள் ஒன்று. இதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆனால் பயிற்சி, ஒருமுறை சென்னைக்குப் போய்ப் பெற்றுவரும் பொருளன்று. நாள்தோறும் தொடர வேண்டியது. ஆரணியில் பட்டு நெய்யும் வீட்டில் ஒருவர் வெளியூர் சென்றால் அன்று தறி நிற்கும், கூலியும் நிற்கும். பயணம் மிகுந்தால் பயிற்சிதான் முதலில் கைவிடப்படும்.

தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் 2013 முதல் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. அவை ஒவ்வொன்றிலும் விழுங்கலைச் சோதிக்கத் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் நிலையாக இருத்தல் வேண்டும். அவரே குறித்த நாள்களில் ஆரணி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்கும் வருதல் வேண்டும். இடைப்பட்ட வாரங்களில் காணொளி அழைப்பு உதவும்.

எங்கள் பக்கத்திலும் குறையுண்டு. எந்த வீட்டுக்கும் பொருந்தாத நீண்ட பயிற்சிப் பட்டியல்களை முன்பு எழுதிக் கொடுத்தோம். அவற்றைச் செய்ய இயலாத தாய்மார் எங்களைக் காணவே தயங்கினர். இப்போது உணவூட்டும் வேளையோடும் விளையாட்டோடும் இணைத்து, ஒன்றிரண்டு பயிற்சிகளையே தருகிறோம்.

பெற்றோருக்குச் சில வேண்டுகோள்கள். குழந்தையைப் படுக்கவைத்துச் சங்கிலோ பாலாடையிலோ பால் ஊற்றாதீர்கள். மூக்கைப் பிடித்துப் புகட்டாதீர்கள். பாலைக் கஞ்சியால் கெட்டியாக்கும் முன் எங்களையும் உணவியலாளரையும் கேளுங்கள். புரதக் கட்டுப்பாடுள்ள குழந்தைக்கு அரிசிக் கஞ்சியும் கணக்கில் சேரும். உணவூட்ட அரை மணிக்கு மேல் ஆனாலோ, ஊட்டும்போது இருமினாலோ, ஊட்டியபின் குரல் நீர் கலந்ததுபோல் ஒலித்தாலோ உடனே தெரிவியுங்கள். மூக்குவழிக் குழாய் வைத்தால் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம்; அது பயிற்சிக்குக் காலம் ஈட்டித் தருகிறது.

நோயின் பெயர் உறுதியாகும் நாளிலேயே, "எங்கள் குழந்தையின் விழுங்கலை யார் சோதிப்பார்கள்?" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. அதற்கு விடை தருவது எங்கள் கடமை.