பேச்சுக்கும் ஒரு படிப்பு



எனக்குத் திக்குவாய். உங்களுக்குத் தெரிந்ததுதான். செங்கல்பட்டில் பஸ் ஏறி, 'மாமல்லபுரம்' என்று டிக்கெட் கேட்க வாய் வராமல், 'பூஞ்சேரி' என்று சொல்லி அங்கேயே இறங்கி மீதி தூரம் நடந்தவன் நான். "வாயில கூழாங்கல்லைப் போட்டுப் பேசுடா, சரியாயிடும்" என்றார்கள் வீட்டில். கல்தான் மிச்சம்!

இதற்கென்றே பட்டப்படிப்பு இருப்பது பிறகுதான் தெரிந்தது. மைசூரில் 1965-லேயே இதற்காக தேசிய நிறுவனம் தொடங்கிவிட்டார்கள். பிளஸ் டூவுக்குப் பின் 4 வருடம்; அதில் கடைசி வருடம் முழுக்க நேரடிப் பயிற்சி. மேலே 2 வருட முதுகலை. 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தால்தான் தொழில் பண்ணலாம். நம்ம காட்டாங்கொளத்தூரிலேயே இந்தப் படிப்பு உண்டு.

அப்படிப் படித்த ஒருவரிடம் ஆறு மாதம் போனேன். இன்று மாமல்லபுரத்துக்கே டிக்கெட் கேட்கிறேன், திக்கினாலும் கேட்கிறேன்.

லேத்தில் கை வைக்கவே மாதக்கணக்கில் பழகுகிறோம். பேச்சைச் சரிசெய்ய மட்டும் பக்கத்து வீட்டு யோசனை போதுமா? கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை குப்பத்துப் பிள்ளைகளுக்கு நம்ம ஊர்த் தமிழிலேயே சொல்லித்தர ஆள் வேண்டும். நமக்குப் பாதை வேறு. பிளஸ் டூ படிக்கும் தங்கச்சி, தம்பியிடம் சொல்லுவோம்.

அதுவரை, எதிரில் ஒருவன் திக்கினால் சிரிக்காமல் காத்திருப்போம். அதற்குப் படிப்பே வேண்டாம்!