அங்க போய்ப் பார்த்துக்கலாம்!

தமிழ்நாட்டில் அதிகமான திட்டங்களைக் கொன்ற வாக்கியம் எது தெரியுமா? ‘அங்க போய்ப் பார்த்துக்கலாம்!’ கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது சொன்னால் பரவாயில்லை. மிஞ்சிப்போனால் முதல் பந்தி தவறும். இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுக்கும் மலைக்கும் கிளம்புகிறார்களே, அவர்களோடுதான் எனக்குச் சண்டை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆர். பக்கம் போய்ப் பாருங்கள். லட்ச ரூபாய் சைக்கிள், அதற்கு மேட்ச்சாக ஹெல்மெட், கையுறை, கறுப்புக் கண்ணாடி. தப்பே இல்லை சார். சம்பாதிக்கிறார்கள், வாங்குகிறார்கள். தொந்தி குறைந்தால் நாட்டுக்கும் நல்லது. இட்லிக் கடையில் உட்கார்ந்து அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள். ‘மச்சி, மூணு நாள். செஞ்சி, திருவண்ணாமலை, அப்படியே ஜவ்வாது மலை!’ அருமையான ரூட். எப்போது? ‘ஏப்ரல்ல ஒரு லாங் லீவு வருது.’ தண்ணீர்? ராத்திரி எங்கே தங்குவது? காட்டுக்குள் விடுவார்களா? எல்லாவற்றுக்கும் பதில், மேலே சொன்ன அதே வாக்கியம்.

அந்தப் பாறைகளைப் பார்த்திருக்கிறீர்களா? திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கிலோமீட்டர் மேற்கே செஞ்சி. ஊர் நெருங்க நெருங்க, யாரோ ராட்சசன் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி உருண்டைப் பாறைகள். ஒன்றின் மேல் ஒன்று, இப்ப விழுமோ அப்ப விழுமோ என்று நிற்கும். யாரும் கொட்டவில்லை. சுமார் 250 கோடி வருஷத்துப் பாறை அது. மண்ணுக்கடியில் இருந்தபோதே விரிசல் விட்டு, விரிசலில் தண்ணீர் இறங்கி, மூலை முனையெல்லாம் உளுத்துப்போய், மேல் மண்ணை மழை அரித்துக்கொண்டு போனபின் மிச்சம் நின்ற உருண்டைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் அப்படித்தான். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கி, கோட்டையைப் பிடித்தது 1698-ல். அவரும் ‘அங்க போய்ப் பார்த்துக்கலாம்’ கட்சியோ என்னவோ!

விஷயத்துக்கு வருகிறேன். அழகாக இருக்கிற அதே பாறை, ஏப்ரல் மத்தியானத்தில் தோசைக்கல். பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி வரை கக்கும். அந்தச் சூட்டில் மிதித்தால் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர்கூடப் போதாது. சரி, மழைக்காலத்தில் போகலாமா? 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் செத்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். ஆக, ஜனவரியும் பிப்ரவரி முதல் பாதியும்தான் உங்களுக்கு. காலண்டரைப் பார்ப்பதுதான் முதல் வேலை, சைக்கிள் கடைக்குப் போவது அல்ல.

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பற்று வரவு எழுதத் தோன்றும். எழுதிப் பாருங்களேன். சமதரையில் சுமையோடு மணிக்கு 15 கிலோமீட்டர். போளூர்ப் பக்கமிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைச்சாலையில் அது ஆறாகவோ ஏழாகவோ சுருங்கும். ஜனவரியில் வெளிச்சம் பதினோரு மணி நேரம்தான். அதில் சாப்பாடு, பஞ்சர், நிழல் தேடி உட்காருவது எல்லாம் கழித்தால் கையில் நிற்பது ஆறேழு மணி. இதில் ‘டெய்லி 120 கிலோமீட்டர்’ என்று எழுதி வைத்தால், கடைசி முப்பது கிலோமீட்டரைக் கொண்டைஊசி வளைவில் இருட்டில் ஓட்டுவீர்கள். லாரிக்காரருக்கு உங்கள் கறுப்புக் கண்ணாடி தெரியாது.

‘எல்லாத்தையும் பிளான் பண்ணிட்டா த்ரில் எங்க சார் இருக்கு?’ என்பார்கள். இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அனுமதி யார் கொடுத்தது, எந்தப் பாதைக்குக் கொடுத்தது என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான் கிளம்பியது. மலையேற்றத்துக்கான அரசு விதிகளும் அதே வருஷம்தான் வந்தன. செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிற பக்கமலை காப்புக்காடு. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். சைக்கிளுக்குச் சத்தமில்லை, புகையில்லை என்பதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது. செல்போன் மேப்பில் கோடு தெரிகிறதே என்றால், ஆடு மேய்க்கப் போன தடத்தையும் அது கோடாகத்தான் காட்டும்.

வனத்துறையையும் சும்மா விடுவதற்கில்லை. ‘அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்’ என்று போர்டு வைக்கத் தெரிகிறது. யாரிடம், எத்தனை நாள் முன்னால் அனுமதி கேட்க வேண்டும் என்று அதன் கீழேயே இன்னொரு வரி எழுதினால் பெயின்ட் தீர்ந்துவிடுமா? நடப்பவர்களுக்காக 2024-ல் நாற்பது பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் முன்பதிவும் வைத்தார்கள். நல்ல காரியம். சைக்கிள்காரனையும் ஒரு ஜீவனாக மதித்து நாலு பாதை சொன்னால் என்ன?

அதுவரை தார்ச்சாலை போதும். முதல் நாள் திண்டிவனத்திலிருந்து தெற்கே திருவக்கரைக்கு விடுங்கள். சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வருஷ வளையம்கூடத் தெரியும். மறுநாள் செஞ்சி. ராஜகிரியில் காலையிலேயே ஏறி, வெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போனால் சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டுதான் கிரிவலம் வரவேண்டும், ரூமும் கிடைக்காது. சாயங்காலம் எங்கே இருப்பீர்கள் என்று வீட்டில் ஒருத்தரிடம் தாளில் எழுதிக் கொடுங்கள். மலைக்கு மேலே பல இடத்தில் சிக்னல் கிடைக்காது.

அந்தப் பக்கத்துப் பால்காரர் ஓட்டும் சைக்கிளைக் கவனியுங்கள். கியர் கிடையாது, இரண்டு பக்கமும் கேன். ஆனால், சீட்டுக்கு அடியில் பழைய டியூப் துண்டும் சொல்யூஷனும் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் அவர் ஒரு நடை முடித்துவிட்டு, டீக்கடையில் தினத்தந்தி படித்துக்கொண்டிருப்பார்.