கோப்பைக்கும் ஜாதியா?



சென்ற மாதம் ஒரு சிநேகிதர் வீட்டுக் கலியாணத்துக்காக பெங்களூருக்குப் போயிருந்தேன். புரோகிதர் இல்லாத கலியாணம். ஆனபடியால் காலை பத்து மணிக்குள் காரியம் முடிந்து, புகையில்லாமல் கண்ணெரிச்சல் இல்லாமல் சாப்பாடும் ஆகி, சாயங்காலம் ரயிலேறும் வரையில் பொழுது மிச்சமாக இருந்தது. மாப்பிள்ளையின் தம்பி, திருவள்ளூரில் பிறந்து அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன், “மாமா, இந்த ஊரில் ஒரே கட்டடத்திலேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிறார்கள், வந்து பாருங்கள்” என்று கூப்பிட்டான். போனேன். குடிப்பதற்காகவா பார்ப்பதற்காகவா என்று கேட்கும் யோக்கியர்களுக்கு, இரண்டுக்காகவுந்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

அங்கே கொடுத்ததற்குப் பெயர் கோல்டன் ஏல். பொன்னிற ஏல் என்று சொல்லலாம். நிறம் வைக்கோலுக்கும் தேனுக்கும் நடுத்தரம். மேலே அப்போது கறந்த பாலில் நிற்பது போன்ற நுரை. முகர்ந்தால் புதிதாய்ச் சுட்ட ரொட்டியின் வாசனையும், அதற்கு மேல் எலுமிச்சந் தோலைக் கிள்ளினாற்போல் ஒரு வாசனையும். முதலில் சில்லென்று வந்தது. ஐஸ் குளிர்ச்சியில் நாக்கு மரத்துப்போய் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது என்பதால் கால் மணி நேரம் சும்மா வைத்திருந்தேன். பிறகு வாயில் வைத்தால் லேசான தித்திப்பு, விழுங்கினபின் வேப்பம்பூ ரசத்தின் அளவுக்கு ஒரு கசப்பு, அதுவும் சீக்கிரத்தில் போய்விடுகிறது. தொண்டையில் எரிச்சலில்லை. சுலபமாகக் குடிக்கத் தக்கது என்று அந்தப் பையன் சொன்னது வாஸ்தவமே. என் அபிப்பிராயத்தில் யோக்கியமாகச் செய்யப்பட்ட சரக்கு. ஆனால் கொஞ்சம் தட்டையானது. இரண்டாவது டம்ளருக்கு முதல் டம்ளரில் இல்லாத சங்கதி ஒன்றும் அதில் கிடையாது.

நிற்க. எங்களோடு வந்திருந்த ஒரு பெரிய மனிதர் பாதி டம்ளர் முடிந்ததும் சொன்னார்: “இதல்லவா குடி! நம் ஊர்க் கள்ளும் ஒரு குடியா? அது மரமேறிகள் குடி. இது துரைமார் குடி.” இந்த வியாசத்தை எழுதத் தூண்டியது அந்த ஏல் அல்ல, இந்த வார்த்தைதான்.

மனிதனுக்கு ஜாதி, தெருவுக்கு ஜாதி, கிணற்றுக்கு ஜாதி, சுடுகாட்டுக்கு ஜாதி என்று வைத்தது போதாதென்று கோப்பைக்கும் ஜாதி வைத்துவிட்டோம். அதிலும் அவர் சொன்னது சரித்திரப்படியும் பொய். பொன்னிற ஏல் என்பது துரைமார் இந்தியாவை ஆண்ட காலத்துச் சரக்கே அல்ல. அக்காலத்தில் லண்டனை அடுத்த போ என்னுமிடத்து ஹாட்ஜ்ஸன் மதுசாலையிலிருந்து கப்பலில் இங்கு வந்தது வேறு வகை ஏல். பொன்னிற ஏல் என்று இன்று சொல்லப்படுவது, இங்கிலாந்தின் சாமர்செட் ஜில்லாவில் எக்ஸ்மூர் என்னும் சிறு மதுசாலை 1986இல் தன் ஆயிரமாவது காய்ச்சலுக்காகச் செய்த சரக்கிலிருந்து பரவியது. லாகர் பீருக்கு ஓடிப்போன வாலிபர்களைத் திருப்பி இழுக்க வேண்டும் என்ற வியாபார உத்தேசமே அவ்வகை பெருகியதற்குக் காரணம். அது பிறந்த மறு வருஷம், 1987 ஜனவரி முதல் தேதியில், நம் தமிழ்நாட்டில் கள் நிறுத்தப்பட்டது. அதாவது அந்தத் “துரைமார் குடி” நம் ஊர்க் கள்ளுத் தடையைவிட ஒரு வயதுதான் மூத்தது.

நம் தேசத்துச் சங்கதியைப் பாருங்கள். காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடப்பட்ட பெரும்பாணாற்றுப்படையில், அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, முளையடையைக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, விரலால் அலைத்து வடித்தெடுக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. தானியம், முளை, சாடி, காலம், வடிகட்டுதல் - பார்லியை மாற்றி நெல்லை வைத்தால் பீர் காய்ச்சும் முறைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? காக்களூர் இருப்பதும் அதே தொண்டை நாட்டில்தான். ஔவை அதியமானோடு கள் குடித்ததாகப் புறநானூற்றிலேயே இருக்கிறது. அந்த ஔவையைக் கிழவியாக்கி, விபூதி பூசி, பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டினவர்கள் அந்தப் பாட்டைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

இனி, ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கு மேல்நாட்டார் ஏற்படுத்தியிருக்கும் முறையைச் சொல்லுகிறேன். அமெரிக்காவிலுள்ள பீர் பரீட்சகர் சங்கம் ஒன்று 50 மார்க்குக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வாசனைக்கு 12. ருசிக்கு 20. வாயில் நிற்கும் தன்மைக்கு 5. மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு எவ்வளவு தெரியுமா? வெறும் 3! நிறம், தெளிவு, நுரை எல்லாம் சேர்த்து 50இல் 3. நம் நாட்டில் பெண் பார்க்கப் போகிறவர்கள் நிறத்துக்கு எத்தனை மார்க்குப் போடுகிறார்கள் என்பதை நீங்களே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியம், போட்டியில் பரீட்சகர் முன் வைக்கப்படும் டம்ளரில் காய்ச்சினவன் பேர் இராது, ஊர் இராது, நம்பர் மாத்திரமே இருக்கும். யாருக்குப் பிறந்தது என்று கேட்காமல் என்ன குணம் என்று மாத்திரம் கேட்பது. ஒரு டம்ளர் பீருக்குக் கிடைக்கும் இந்த நியாயம் நம் ஊர்களில் மனிதனுக்குக் கிடைத்திருக்குமேயானால் நமக்கு இவ்வளவு தொண்டைத் தண்ணீர் வற்றியிருக்காது.

கடவுள் சமாச்சாரமும் இதில் இல்லாமலில்லை. மாவுத் தண்ணீர் ஏன் நுரைத்துப் பொங்கி மதுவாகிறது என்பது தெரியாத காலத்தில், 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்த நுரைக்கே “கடவுளின் நன்மை” என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார்கள். பிரெஞ்சு தேசத்து பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றி ஒரு புஸ்தகமே எழுதி, பொங்க வைப்பது ஈஸ்ட் என்னும் உயிர், புளிக்க வைத்துக் கெடுப்பது வேறு கிருமிகள் என்று விளக்கினார். 1883இல் டென்மார்க்கில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுசாலையில் ஹான்ஸன் என்பவர் சுத்தமான ஈஸ்ட்டைத் தனியே பிரித்து வளர்த்தார். அந்த ஈஸ்ட்டை மற்ற மதுசாலைகளுக்கும் கொடுத்தார்கள். வேதத்தைக் கேட்டவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று சொன்ன கூட்டத்தின் கையில் அது அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் திருவள்ளூரில் அமாவாசைதோறும் வீரராகவர் கோயில் குளத்தில் வியாதி தீர வெல்லம் கரைக்கிறார்கள். அந்த வெல்லத்தை ஈஸ்ட்டிடம் கொடுத்தால் இரண்டு நாளில் ஏதாவது ஒரு பலனைக் கண்ணால் காணலாம்!

ஊருக்குத் திரும்பியதும், காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தோழர்கள் ஐந்து பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி ஒரு பரீட்சை வைத்தேன். மூன்று டம்ளர் பரீட்சை என்று அதற்குப் பெயர். மூன்றில் இரண்டு ஒரே சரக்கு, ஒன்று வேறு; வேறானது எது என்று சொல்ல வேண்டும். ஐந்து பேரும் விலை கூடிய பீர் ஒன்றின் பக்தர்கள். விலை குறைந்ததை மோந்தாலே வாந்தி வரும் என்று சத்தியம் செய்தவர்கள். ஒரே சக்தியுள்ள இரண்டு பீரையும் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வைத்தேன். சரியாகச் சொன்னவர் இருவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு டம்ளரைத் தொட்டாலே மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும் என்கிறபோது, ஐந்தில் இரண்டு என்பது என்ன யோக்கியதை? ஐந்து பேர் போதாது, ஐம்பது பேரை வைத்துப் பார்த்தால்தான் தீர்மானமாகச் சொல்லலாம் என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் சத்தியம் செய்தவர்களில் ஒருவர் முகம் அன்று இருந்த இருப்பை நான் மறக்கமாட்டேன்.

டம்ளர்களைக் கழுவ எடுத்துப்போன அந்த வீட்டு அம்மாள் ஒரு வார்த்தை சொன்னார்: “எந்த டம்ளர் எதுவானால் என்ன அண்ணா, சம்பளக் கவர் ஒன்றுதானே?”

இதற்குப் பதில் சொல்லாமல் ருசியைப் பற்றி எழுதுவது வெறும் மைனர்த்தனம். ஆகவே கணக்கைச் சொல்லுகிறேன். பொன்னிற ஏலில் சாராயச் சத்து நூற்றுக்கு 4 முதல் 5 வரை. 4.5 என்று வைத்து 650 மில்லி குடித்தால் உள்ளே போகும் சுத்த ஆல்கஹால் சுமார் 29 மில்லி. ஸ்ட்ராங் என்று போட்டு விற்கும் பீருக்கு இந்திய உணவுத் தர விதி 8 வரை இடம் கொடுக்கிறது. அதே பாட்டிலில் 52 மில்லி. 42.8 சதவிகிதமுள்ள பிராந்தியில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, 77 மில்லி. பெட்டியில் வேலை செய்து உடம்பு நொந்தவன் காசுக்கு எவ்வளவு போதை என்றுதான் கணக்குப் பார்க்கிறான். அவனுக்கு லேசான சரக்கும் பலத்த சரக்கும் ஏறக்குறைய ஒரே விலையில் வைத்தால் எதை எடுப்பான்? லேசானதுகூட மருந்தல்ல. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய்ப் பிரிவு 1988இலேயே முடிவு கட்டிவிட்டது. “ஒயின் ரத்தத்துக்கு நல்லது” என்பவனும் “கோமியம் கல்லீரலுக்கு நல்லது” என்பவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

நாக்கை நம்பினால் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கங்களில் 20க்கு மேற்பட்டவர்களும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்டவர்களும் மெத்தனால் கலந்த சாராயத்தால் செத்தார்கள். மெத்தனாலை நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்க மாட்டா. குடிக்கும்போது சாராயத்தைப் போலவே இருந்துவிட்டு, உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் வாங்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டியது ஆய்வுசாலை. நம் காக்களூர் ஆவின் பண்ணையிலிருந்து வரும் நீலப் பொட்டலத்தைப் பாருங்கள். கொழுப்பு 3, மற்றச் சத்து 8.5 என்று அச்சடித்திருக்கிறது. கூலிக்காரனும் படித்துப் பார்த்து வாங்கலாம். பாலுக்கு உள்ள இந்த யோக்கியதை கள்ளுக்கு ஏன் வரக்கூடாது?

வராததற்குக் காரணம், தமிழ்நாட்டில் கள்ளே சட்ட விரோதம் என்பதுதான். 1937இல் ராஜகோபாலாச்சாரியார் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு ஆரம்பித்தார். போன வருமானத்தை ஈடு கட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948க்குள் சென்னை ராஜதானி முழுவதும் விலக்கு. 1971இல் கடை திறப்பு, பிறகு மூடல், 1981இல் மறுபடியும் திறப்பு. 1983இல் டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடையும் சர்க்காருடையதே. 2023-24இல் மது வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆலையில் காய்ச்சி வரும் பிராந்தி சர்க்கார் கடையில் நியாயம். பனையிலிருந்து இறக்கியது குற்றம். பக்கத்துக் கேரளத்திலும் புதுச்சேரியிலும் அது குற்றமில்லை. பாளையிலிருந்து இறங்கிய சில மணி நேரத்துக்குள் தானே பொங்கும் கள்ளுக்கு, நல்ல சுத்தத்தில் இறக்கினால், சாராயச் சத்து பீரின் அளவுக்குத்தான் வரும். ஆனால் ஒரு நாளைக்கு மேல் வைத்தால் காடியாகப் போகும். அதனாலேயே அதைப் பெரிய முதலாளி கிடங்கில் அடுக்கி வைத்து விற்க முடியாது. அதைக் கலப்படம் செய்ய மயக்க மருந்து போடும் கொடுமையும் நடந்ததுண்டு. கலப்படத்துக்குப் பரிகாரம் பரீட்சையா, மரத்தையே குற்றவாளி ஆக்குவதா?

பெரியார் தம் காங்கிரஸ் நாளில், மதுவிலக்குக்காகச் சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் இருந்த தம் தோப்புத் தென்னை மரங்களை நூற்றுக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார். அவரே பிற்காலத்தில் சட்டத்தால் செய்யும் மதுவிலக்கை எதிர்த்துப் பேசினார். இது முரண்பாடல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. அனுபவத்தில் கண்டதைக்கொண்டு அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள முடியாதவனுக்குத்தான் மாற்றம் குற்றமாகத் தெரியும்.

மரம் ஏறுகிறவன் தோளிலும் மார்பிலும் காய்த்துப்போன தழும்பைப் பார்த்திருக்கிறீர்களா? காலில் தளைநார் மாட்டி, ஒரு நாளைக்கு இரு தடவை ஏறி, பாளை சீவி, கலயம் மாற்றுகிறவன். எவ்வளவு சீவ வேண்டும், எப்போது இறக்க வேண்டும், சுண்ணாம்பு எவ்வளவு தடவினால் பதநீராக நிற்கும், தடவாவிட்டால் எத்தனை நாழிகையில் கள்ளாகும் என்பதெல்லாம் அவன் கையில் இருக்கும் ரசாயனம். பெங்களூரில் அந்த மதுசாலையில் பளபளவென்ற பாத்திரங்களுக்கு நடுவில் கோட்டுப் போட்டு நின்ற வாலிபனை எல்லோரும் “மாஸ்டர்” என்று கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும், அவன் வேலை கற்றவன். நம் ஊரில் கலயத்தோடு இறங்கி வருகிறவனைப் போலீஸ்காரன் எப்படிக் கூப்பிடுகிறான் என்பதை இங்கே எழுத முடியாது.

அந்தப் பெரிய மனிதர் அடுத்த மாதம் திருவள்ளூருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று டம்ளர்களையும் கழுவி வைத்திருக்கிறேன். வருகிறவர் அன்றைக்கு மாத்திரம் வெற்றிலை பாக்குப் போடாமல் வந்தால் போதும்.